தண்ணீர் வந்து சேராத தெரு

சோலைமலை மூக்கனின் சட்டைக் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"நீதான்டா அடைச்சிருக்கே. உன்னை விட்டுட்டு என்னைத் தலையாளாப் போட்டாங்கன்னு உனக்கு எரிச்சல்."

"விடுண்ணே. நீ போட்ட கானு ஓடலேன்னா என் கழுத்து என்னா பண்ணும்?" மூக்கன் மூச்சுத் திணறியபடியே சிரித்தான். "ஓவசியரைக் கண்டா தண்ணிக்கு வெக்கம் போல!"

சுற்றி நின்ற வேலையாட்களும் சிரித்தார்கள். ஒரு வாரமாக வெயில் தலைகாட்டாத மலையில் தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது.

தேயிலையைப் பிடுங்கிவிட்டு, தோட்டத்தின் அந்தத் துண்டை மனைகளாகப் பிரித்து விற்றிருந்தார்கள். புதுத் தெரு கவுன்சில் விதிப்படி அமைந்தால்தான் அங்கே வீடு கட்ட அனுமதி. அகலம் சரி, சல்லி சரி, குடிதண்ணீர்ப் பீலிக்குப் பதித்த குழாயும் சரி. மழைத்தண்ணீர் வடியும் கான் ஒன்றுதான் சரிவரவில்லை.

மேல்முனையில் ஒரு பீப்பாய்த் தண்ணீரைக் கவிழ்த்தால், அது சாலையோரக் கானில் ஓடி, தெருவுக்குக் குறுக்கே புதைத்த சீமெந்துக் குழாயில் புகுந்து, மறுபக்கத்து ஓடையில் விழவேண்டும். சோலைமலை தனியாக ஊற்றிப் பார்க்கும்போதெல்லாம் ஒழுங்காக விழுந்தது. கவுன்சில் ஓவசியர் அமிர்தநாதன் பார்வையிட வரும் நாளில் மட்டும் குழாய்க்குள் போன தண்ணீர் திரும்பி வந்து தெருவின் மேல் வழிந்தது. இன்றோடு மூன்றாவது தடவை.

"சட்டையை விடு, சோலைமலை," என்றார் அமிர்தநாதன், குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு. "அதைப் பிழிஞ்சா கானுல தண்ணி வராது."

"ஐயா, நேத்து சாயங்காலம் ஓடுச்சுங்க. சாமி சத்தியமா ஓடுச்சுங்க!"

"நேத்து ஓடுனதுக்கு நான் இன்னைக்குக் கையெழுத்துப் போட ஏலாதுப்பா. கானு அடைச்ச தெருவுல வீடு கட்ட விட்டா, அடைமழைக்கு மண்ணு சரிஞ்சு தூங்குறவங்க மேல விழும். ஓடுனா சொல்லு, இப்பவே பாஸ் பண்ணிட்டுப் போறேன். மனைக்காரங்க நாளைக்கே வந்து வேலி போடட்டும். ஓடலேன்னா தெருவைத் தோண்டு. குழாயை எடுத்து மறுபடி போடு."

தோண்டுவதா! ஒவ்வொரு குழாயையும் சோலைமலை தன் கையாலேயே மட்டம் பார்த்து இறக்கியிருந்தான். முதல் தடவை தண்ணீர் வழிந்தபோதே, தேயிலை மலையில் கான் வெட்டினவனுக்குத் தெருக் கான் என்ன தெரியும் என்று தெரு வேலையைக் கொந்தராத்து எடுத்தவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்சாதி பேச்சியம்மா எதைப் பேச வாயெடுத்தாலும், "அதெல்லாம் தெரு பாஸான பொறகு பாத்துக்கலாம்" என்று வெட்டிவிடுவான்.

விற்றுப்போன கடைசி மனையில் நின்ற தகரக் கொட்டகையிலிருந்து பேச்சியம்மா தேத்தண்ணியுடன் வந்தாள். தோட்டத்து லயத்து வீடுகளை இடித்ததிலிருந்து, தெரு வேலை முடியும்வரை, புருஷன் பெண்சாதி இருவருக்கும் அந்தக் கொட்டகைதான் வீடு. முந்தானையை மட்டும் தலையில் போட்டிருந்தாள்.

"கம்பளி எங்க புள்ள? இந்தக் குளிர்ல இப்படி வர்றே?"

"தொவைச்சுக் காயப் போட்டிருக்கேங்க. நீங்க குடிங்க."

அவன் குடிக்கவில்லை. அலவாங்குக் கம்பியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தான். "தோண்டுறதுக்கு முந்தி அந்தப் பக்கத்து வாயையும் ஒருக்கா பாத்துர்றேன் ஐயா!"

"ஏங்க, ஆறிப் போகுதுங்க. மொதல்ல ஒரு வாய் குடிச்சிட்டு…" பேச்சியம்மா அவன் பின்னாலேயே ஓடிவந்தாள்.

குழாயின் மறுவாய், கொட்டகைக்குக் கீழே புதர் மண்டிய ஓடைக்கரையில் இருந்தது. சோலைமலை சேற்றில் மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டான். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கல் இல்லை. மண்ணும் இல்லை. மெத்தென்று கனமாக இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் கையோடு வந்தது. கூடவே குழாயும் திறந்துகொண்டது. தேங்கிக் கிடந்த தண்ணீர் சீறிப் பாய்ந்து, அவனை நனைத்துக்கொண்டு ஓடையில் விழுந்தது.

"ஓடுது ஐயா! ஓடுது!" என்று மேலே மூக்கன் கத்தினான். "அண்ணே, இனிமே என் கழுத்தை விட்ரு!"

சோலைமலை கையிலிருந்ததைப் பிரித்தான். கறுத்துக் கனத்த கம்பளி. அடுப்பு நெருப்புச் சுட்ட மூலையில், அவனுடைய பழைய காக்கிக் கால்சட்டைத் துணியை வைத்து ஒட்டுப் போட்டிருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். தேத்தண்ணிக் கோப்பையுடன் பேச்சியம்மா நின்றுகொண்டிருந்தாள். கோப்பையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"என்னப்பா அடைச்சிருந்துச்சு?" தெருவிலிருந்து அமிர்தநாதனின் குரல் கேட்டது. "சரி சரி, மேல வா. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

"ஏன் புள்ள?" என்றான் சோலைமலை. "ஏன் இப்படிப் பண்ணுனே?"

பேச்சியம்மா கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு ராத்திரி நாம எங்கேங்க படுக்கிறது?"