மலைக்குப் போகாத மொட்டை

"மொதல்ல வெளிய போங்க அத்த!" வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்லவே கூடாது என்று சொல்லிக்கொடுக்கப்பட்டதைச் சிவசங்கரி சொல்லிவிட்டாள்.

பெங்களூர் கம்பெனியில் வேலை பார்க்கும் தன் மகனுக்கு அவளைப் பெண் கேட்டு, நகரியிலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்திருந்த அத்தை தும்மியபடியே விழித்தாள்.

"இன்னாடி இது? எங்கண்ணன் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வந்துகீது. பிரசாதங்கூட குடுக்காம தொரத்துற! டிகிரி படிச்ச திமிரா?"

சொல்லாதே என்று, மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த அவள் அப்பா, நைனா, கண்ணாலேயே கெஞ்சினார்.

"மொட்டை போடல அத்த. பிளட் கேன்சர் மருந்துல முடி கொட்டிச்சு. கிருமியோட மல்லுக்கட்டுற வெள்ளையணுவும் செத்துப்போச்சு. உங்க சளி ஒட்டிக்கினா நைனா பொழைக்க மாட்டாரு."

"இத ஏண்டி மறைச்சீங்க?"

"சம்பந்தம் முறிஞ்சிடும்னு நைனாதான் சொல்ல விடல."

அத்தையின் கை மெல்லத் தட்டின் பக்கம் நகர்ந்தது.

அதற்குள் சிவசங்கரியே அதைத் தூக்கிக்கொண்டு, அத்தை வந்த ஆட்டோவை நோக்கி வாசலைத் தாண்டியிருந்தாள்.