இரண்டு காலிக் கட்டங்கள்

கடைசி இலக்கத்தில் அவன் விரல் நின்றது.

பக்கத்து அறையில் அக்கா போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத் தரகரிடம் பேசப் போகிறாள். அவனுக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்டதில்லை. ஆனால் தரகரிடம் பேசுவதென்றால் அக்கா முதலில் முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். சரிசெய்துகொண்டிருந்தாள்.

காலையில் நண்பன் சவரிமுத்து சொல்லிக்கொடுத்த வித்தை இது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் காது கேளாதவர்கள் இருபது முப்பது பேர் கூடுவார்கள். ஊர்க்கதை முழுவதும் கைகளில் ஓடும். இன்று எல்லோர் கையிலும் ஒரே கதை. புதிதாக வந்திருக்கும் இந்தத் தொடுதிரை போனுக்குள் ஒரு விசைப்பலகையை ஒளித்து வைத்திருக்கிறார்களாம். எழுத்தே கிடையாதாம், எல்லாம் படமாம். ஜப்பான்காரர்களுக்கு மட்டும்தானாம். அந்த ஊர்ச் செயலி ஒன்றை இறக்கி, அதற்குள் ஓர் எண்ணைத் தட்டினால் நமக்கும் திறந்துவிடுமாம்.

எனக்கெதற்குப் படம் என்று அவன் கையை உதறினான்.

சவரிமுத்து விடவில்லை. திறக்காத போனில் படமெல்லாம் வெறும் கட்டமாகத்தான் தெரியும் என்று காற்றில் ஒரு கட்டம் வரைந்து காட்டினான்.

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பேருந்து ஏறினான்.

போன ஞாயிறு பெண் பார்க்கப் போயிருந்தார்கள். அவளுக்கும் காது கேளாது. கூடத்தில் எல்லோரும் எல்லோரிடமும் பேசினார்கள், இவர்கள் இருவரிடம் தவிர. அவன் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான். வழியெல்லாம் கூட வந்த ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அவள் கண்ணில் பட்டது.

காபியை நீட்டும்போது, யாருக்கும் தெரியாமல், ஒரு விரலால் தன் கழுத்துக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். சிரிப்பை அடக்க இருவருமே படாத பாடு பட்டார்கள்.

திரும்பும் வழியில் அவன் அதை அக்காவிடம் சொன்னபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினான். ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல். பிடிச்சிருக்கா.

இரண்டு காலிக் கட்டங்கள் வந்தன.

அவன் வேலை, எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுவது. கட்டம் காலியாக இருந்தால் ‘இல்லை’ என்று பதிய வேண்டும். அலுவலக விதி. ஆறு வருடமாக அப்படித்தான் பதிகிறான். அவள் பதிலையும் அப்படியே பதிந்துகொண்டான். ஒன்றுக்கு இரண்டு ‘இல்லை’. வெள்ளிக்கிழமை அக்காவிடம், அவளுக்கு இஷ்டமில்லை என்று கையை விரித்துவிட்டான்.

கடைசி இலக்கத்தைத் தட்டினான்.

மொழிப் பட்டியலில், நேற்றுவரை இல்லாத ஒரு வரி இருந்தது. தொட்டான்.

நிலா வந்தது. குடை வந்தது. மீன், ரயில், ஒரு கத்தரிக்காய். அவன் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. மதிய வெயிலில் அறை தண்ணீருக்குள் இருப்பதுபோல அசைந்தது. யார் வீட்டுப் பரணையோ திறந்துவிட்டது மாதிரி இருந்தது அவனுக்கு.

பிறகு கைகள்.

மடக்கிய கை. விரித்த கை. ஒரு விரல் மட்டும் நீட்டிய கை.

விசைப்பலகை என்றாலே அது காதுள்ளவர்களின் பேச்சுக்குத்தான் என்று நினைத்திருந்தான். எங்கேயோ யாரோ அவன் பேச்சையும் விசையில் வைத்திருக்கிறார்கள். அவனுக்குக் கண் கலங்கியது.

அவளுடைய செய்தியைத் திறக்கப் பயமாக இருந்தது.

திறந்தான்.

முதல் கட்டத்தில் ஒரு சட்டை.

இரண்டாவதில் கட்டைவிரலை உயர்த்திய ஒரு கை.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆறு நாட்களாக இது இங்கேயேதான் இருந்திருக்கிறது. ஆறு நாட்களாக அவள் அவனுடைய பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.

நிமிர்ந்தான். கதவுக்கு அப்பால் அக்காவின் உதடுகள் அசைந்தன. அந்த உதடுகளை அவனுக்குச் சிறு வயதிலிருந்தே படிக்கத் தெரியும்.

“அந்தப் பிள்ளைக்கு இஷ்டமில்ல போல, அண்ணாச்சி. அப்போ விட்டுருவோமா?”

அவன் ஓடிப்போய் முன்னால் நின்றான். சொல்லக் கையைத் தூக்கினான். தூக்கிய கை சட்டைக்குப் போனது.

சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். அடுத்ததையும் கழற்றினான்.

ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அக்கா சட்டையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

போனை உள்ளங்கையால் மூடினாள்.