பின்னறையில் கமலா

யோகமலர் வெறுங்கையால் ஓடுகளை அள்ளி எறிந்துகொண்டிருந்தாள்.

குண்டு பக்கத்துக் காணியில்தான் விழுந்தது. அந்த அதிர்விலேயே தையல்கடையின் கூரை மொத்தமாக உள்ளே இறங்கிவிட்டது. வீதிப் பக்கத்துச் சுவர் மட்டும் தனியே நின்றது.

துறைமுகத்துக்கு மேலே கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. ஜப்பான் விமானங்கள் போய்விட்டனவா, திரும்பி வருமா, யாருக்கும் தெரியவில்லை. சனம் பாயும் பெட்டியும் பிள்ளைகளுமாகக் கந்தளாய் வீதியை நோக்கி ஓடியது. அவள் கூப்பிட்ட குரலுக்கு ஒருவரும் நிற்கவில்லை.

"ஞானம்! ஞானமணி! கமலா!"

தன் பேக்கரியின் போறணை அடுப்பில் பாண் வெந்துகொண்டிருக்கும்போதே ஓடிவந்திருந்தாள். கையில் ஒட்டியிருந்த மா, இரத்தத்தோடு சேர்ந்து களியாகியிருந்தது.

அவளும் ஞானமணியும் கமலாதேவியும் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். விடுதிப் பெண்களின் சகோதரிகள் சங்கத்தில், ஒருத்தி விழுந்தால் மற்றவர்கள் தூக்கவேண்டும் என்று மெழுகுதிரி பிடித்துச் சத்தியம் செய்தவர்கள். கூடப் படித்தவர்கள் டீச்சர்மாராகவும் பெண்சாதிமாராகவும் போய்விட, இந்த மூன்று பேரும் துறைமுகத்தடியில் கடை போட வந்தார்கள். யோகமலர் பேக்கரி போட்டாள். மற்ற இருவரும் கூட்டாகத் தையல்கடை திறந்து, அதன் பின்னறையிலேயே குடியிருந்தார்கள். படித்த பெட்டையளுக்கு வந்த கேட்டைப் பார் என்று ஊர் சிரித்தது. யுத்தம் வந்தது. கடற்படைக்காரரின் வெள்ளைச் சட்டைகள் கடையில் மலையாகக் குவிந்தன. ஊர் சிரிப்பதை நிறுத்தியது.

அந்த வெள்ளைத் துணிகள்தான் இப்போது ஓடுகளுக்கிடையே புழுதியில் கிடந்தன.

"யோகம்..."

குரல் காலடியில் இருந்து வந்தது.

யோகமலர் சுவரோரமாக முழங்காலில் விழுந்தாள். விழுந்த இரண்டு கூரைமரங்களுக்கு நடுவே ஒரு இடுக்கு. உள்ளே இருட்டில் ஞானமணியின் முகம் அண்ணாந்து கிடந்தது. மார்புக்குக் கீழே கூரையின் வளைமரம் அழுத்திக் கிடந்தது.

"கதையாதை. மூச்சைப் பிடிச்சுக்கொண்டிரு. நான் எடுத்துவிடுறன்."

மரத்தைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. தோளைக் கொடுத்து உந்தினாள். கொஞ்சம் அசைந்தது போலிருந்தது. இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை.

ஞானமணி அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் எங்கோ பார்த்தாள். பிறகு திரும்பவும் அவளைப் பார்த்தாள்.

"என்னை விடு, யோகம். எனக்கு ஒண்டுமில்லை. கால்தான் மாட்டியிருக்கு. பின்னறையில கமலா கிடக்கிறாள்."

யோகமலர் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமும் முனகிக்கொண்டிருந்தவள். இப்ப சத்தத்தைக் காணேல்லை. ஓடு!"

"உன்னை இப்பிடி விட்டிட்டுப் போக ஏலாது."

"நான் கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறன்! அவள் செத்துப்போனாளெண்டால் உன்ர முகத்திலயே முழிக்கமாட்டன். போ! இப்பவே போ!"

அவள் அப்படிக் கத்தி யோகமலர் ஒருநாளும் கேட்டதில்லை.

எழுந்து ஓடினாள். இடிபாட்டின் மேலே விழுந்து எழும்பிப் பின்பக்கத்துக்குப் போனாள். அங்கே அலுமாரி கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் கூரை.

"கமலா! கமலா, கதை!"

காதைக் கூரையோடு வைத்துக் கேட்டாள்.

அவள் குனிந்து முதல் ஓட்டை எடுத்தபோது, முன்பக்கம் பெரிய சத்தத்தோடு தரை அதிர்ந்தது. புழுதி எழுந்து கண்ணை மறைத்தது. அது அடங்கியபோது, வீதி அவளுக்கு நேராகத் தெரிந்தது. நடுவே சுவர் இல்லை.

"ஞானம்?"

இன்னொருமுறை கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

அழுவதற்கு நேரமில்லை. ஞானம் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. அதையாவது செய்யவேண்டும். கமலாவையாவது உயிரோடு எடுக்கவேண்டும்.

அவள் வெறிபிடித்தவள் போலத் தோண்டினாள். நகங்கள் பிய்ந்தன. அலுமாரியைத் தனியே புரட்டினாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அடியில் தையல் மெசினும் துணிச்சுருள்களும் கிடந்தன. துணியில் கை பட்ட ஒவ்வொரு முறையும் உடம்பென்று நினைத்தாள். "வாறன் கமலா, வாறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறியது. அவள் நிறுத்தவில்லை. தரை தெரிந்தது. அடுத்த மூலைக்குப் போனாள். அங்கேயும் தரை தெரிந்தது.

"யோகம்! நீ என்ன செய்யிறாய்? ஞானம் எங்க?"

யோகமலர் திரும்பினாள்.

வீதியில் கமலாதேவி நின்றாள். கையில் ஒரு ஓலைப்பெட்டி. நெடுந்தூரம் நடந்து வந்தவளைப் போலச் சேலைக்கரை முழுவதும் செம்மண்.

"நீ... நீ பின்னறையில..."

"நானோ? நேற்றுப் பின்னேரம் அம்மாவைப் பாக்கத் திரியாய்க்குப் போனனான். காலமை வந்த பஸ்ஸை உப்புவெளியில மறிச்சுப்போட்டாங்கள், நடந்து வாறன்." கமலாதேவியின் கண்கள் இடிபாட்டில் தேடின. "ஞானத்துக்குத் தெரியுமே. அவள்தானே என்னை பஸ் ஏத்திவிட்டவள்."

யோகமலர் முன்பக்கம் பார்த்தாள். சற்றுமுன் தான் முழங்காலில் இருந்த இடத்தில் சுவர் கிடந்தது.

அந்த இடுக்கின் அடியில் அண்ணாந்து கிடந்தவளுக்கு யோகமலரின் முகம் தெரிந்திருக்கும். அதற்குப் பின்னால், சாய்ந்துகொண்டிருந்த சுவரும்.