ஒரே வளைவு

தன் அம்மாவுக்குக் கடிதம் எழுத என் நண்பனால் முடியவில்லை. மாதா மாதம் அவன் கையெழுத்தில் நான்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எழுத்தின் வளைவுகளைக் கட்டளைகளாகக் கொடுத்தால் பிரிண்டரே வரைந்துவிடும் என்ற வித்தை அப்போதுதான் வந்திருந்தது. எங்கள் ஆபீசில் சோதனைக்காக அவன் தன் கையெழுத்தையே அப்படிச் செய்து வைத்திருந்தான்.

அம்மாவும் தவறாமல் பதில் போட்டாள். "வேளா வேளைக்குச் சாப்பிடு" என்றுதான் முடிப்பாள்.

போன வாரம் வந்த கடிதத்தில் ஒன்பது 'ம' இருந்தது. ஒன்பதும் இம்மி பிசகாமல் ஒரே வளைவு. மனுஷக் கைக்கு அது வராது.

அன்றே அவன் ஊருக்கு ரயிலேறினேன். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவன் தங்கைதான் கதவைத் திறந்தாள். கடிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"அம்மா போய் ஒரு வருஷமாச்சு. அண்ணன் கடைசியா வந்தப்ப, அம்மா கையெழுத்தையும் எங்க பிரிண்டர்ல ஏத்திக் கொடுத்தான். அதுலதான் அடிச்சு அனுப்புறேன்."

"ஏம்மா மறைச்சே?"

"அவன் தாங்க மாட்டான். நீங்களும் சொல்லிடாதீங்க."

மேஜையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள். "இந்த மாசக் கடிதம். நீங்களே அவன் கையில கொடுத்துடுங்க."

வாங்கிக்கொண்டேன்.

அவனை அடக்கம் செய்து பதினாலு மாதமாகிறது.