குழையக் குழைய

"கடலை கல்லு மாதிரி இருக்கு. இதை எப்படிம்மா மெல்றது?" அத்தை தட்டைத் தள்ளி வைத்தார்.

மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் இதே பாட்டுத்தானா?

மருந்துக் கடையில் அரை மில்லிகூடப் பிசகாத கை அவளுக்கு. அத்தைக்காக வாங்கிய, மெல்ல வேகவைக்கும் இந்த ஸ்லோ குக்கர் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகியும் ஒரு கணக்கும் பிடிபடவில்லை. அடுப்பில் அரை மணி நேரம் என்றால் இதில் ஆறு மணி நேரமாம். நாலு டம்ளர் தண்ணீருக்கு இரண்டே போதுமாம். அதை நம்பி வைத்த மீன் கரைந்து காணாமலே போனது.

"பழையபடி அடுப்புலயே வெக்கட்டுமா அத்தை?"

"அடுப்புலன்னா நீ காலையில செஞ்சு வெச்சுட்டு வேலைக்குப் போயிடுற. மத்தியானம் ஆறி இறுகிக் கிடக்கு. என் பல்லு ஆடுதும்மா. சூடா, குழையக் குழைய வேணும்."

முழங்கால் வலி என்று அடுப்படியை விட்டவர், நாக்கை மட்டும் விடவில்லை.

பக்கத்தில் அவளுடைய அம்மா. அப்பா போன பிறகு மகளோடு இருக்க வந்தவர். "எனக்கு எதுன்னாலும் சரிம்மா" என்றார் தலை நிமிராமல். இந்தப் பொறுமையில் கால்வாசி அத்தைக்கு இருக்கக் கூடாதா?

மறுநாள், இரவே ஊறவைத்த கடலையை ஒரு கொதி விட்டு, அப்புறம் குக்கரில் போட்டாள். "மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அன்று கடை அரை நாள்தான். சீக்கிரமே வீடு திரும்பியவள் அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அத்தை ஒரு பச்சைக் கேரட்டை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றுகொண்டிருந்தார்.

ஆடுகிற பல்லா இது? அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. கோபம் மட்டும் நன்றாக வந்தது.

"உங்க பல்லுக்கு ஒண்ணுமே இல்லையே அத்தை! அப்புறம் எதுக்கு மூணு வாரமா என்னை இதோட மல்லுக்கட்ட விட்டீங்க?"

"உஷ்! மெதுவா." அத்தை பதறிப்போய், அம்மா தூங்கும் அறையைப் பார்த்தார்.

"பதில் சொல்லுங்க."

"உங்கம்மாவுக்குக் கடைவாய்ல ஒரு பல்லுகூட இல்லம்மா. வந்த நாள்லேர்ந்து அரை வயிறுதான் சாப்பிடுறாங்க. பொண்ணைக் கொடுத்த வீட்டுல உக்காந்து, 'எனக்குக் குழைய வெச்சுக் கொடுங்க'ன்னு வாய்விட்டுக் கேப்பாங்களா? அதான் நான் கேட்டேன்."