பரீட்சைக்கு நாலு இட்லி

தூக்குப்போசியைத் திறந்ததும் செல்வமணியின் முகம் மாறியது. உள்ளே நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் இருந்தன.

“இது ஆரு குடுத்தது?”

“பக்கத்து ஊட்டுக் கோகிலா பெரியம்மா. பரீட்சைக்குப் போறப்ப எண்ணெய்ப் பலகாரம் ஆகாது, இட்லிதான் வயித்துக்கு லேசா இருக்கும்னாங்க,” என்றாள் மகள் அனுப்பிரியா. அன்று அவளுக்குப் பாலக்காட்டில் நீட் தேர்வு.

“அதைத் தொடாதே. நான் தோசை ஊத்தறேன்.”

கணவர் தங்கதுரைக்கு எரிச்சல் வந்தது. “ஏன், அதுல வெசமா கலந்திருக்குது?”

“கலந்திருந்தா என்னங்க பண்றது? புள்ள ரெண்டு வருசமாப் படிச்சிருக்குது.”

சட்னியை முகர்ந்து பார்த்தாள். கெட்ட வாடை எதுவும் இல்லை. அப்படியும் மூடி வைத்தாள்.

அந்நேரம் கோகிலாவே உள்ளே வந்தாள். மூடிய போசியையும் செல்வமணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓர் இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்துத் தானே தின்றாள்.

“இப்பத்தான் அரைச்சேன். நீ சாப்புடு சாமி,” என்று அனுப்பிரியாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் சாப்பிட உட்கார்ந்தாள். தங்கதுரை மனைவியைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

“கோகிலா மேல உனக்கு எதுக்கு இத்தனை சந்தேகம்?”

செல்வமணி மகள் இருந்த பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“போன வருசம் அவங்க புள்ள பரீட்சைக்குப் போறப்ப நானும் சட்னி குடுத்தனுங்க. கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். அந்தப் புள்ள பாதிப் பரீட்சையில எந்திரிச்சு வந்துருச்சு.”