மச்சானுக்கு லீவு கெடைக்கல

கட்டுநாயக்க எயார்போட்ல பாக்கியலெட்சுமியைக் கண்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நெத்தியில காசளவு குங்குமம். தலை நெறைய மல்லிகைப்பூ. கழுத்துல மஞ்சக்கயிறு.

அவ புருசன் பொன்னையா செத்து மூணு மாசம்தான் ஆகுது. மலையில வேலை செய்யுறப்ப குளவி கொட்டி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே போயிட்டான். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டமே கூடித்தான் அடக்கம் பண்ணுனோம்.

நான் அந்தத் தோட்டத்துல புள்ளக் காம்பரா ஆயா. தாய்மாருங்க கொழுந்து பறிக்கப் போனா, புள்ளைங்களைப் பார்த்துக்கிறது நான்தான். இவ புள்ளைங்க மயூரிக்கும் சுபாஸுக்கும் பால் கரைச்சுக் குடுத்த கை இது. மக பிரசவத்துக்குன்னு நான் திருச்சிக்குக் கெளம்புன அன்னிக்கா இவளும் அதே பிளேன்ல வரணும்? மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

என் நேரம், சீட்டும் பக்கத்துலயே விழுந்துச்சு. நாலு வயசு சுபாஸ், ஆயாம்மான்னு மேல வந்து ஒட்டிக்கிட்டான். மயூரிக்கு ஏழு வயசு. பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. மேல ஏறுறப்ப காது அடைச்சு சின்னவன் வீல்னு கத்துனான். டொபி ஒண்ணை வாயில போட்டு, நல்லா சப்புடான்னேன்.

அழுகை நின்னதுதான் தாமதம், பாக்கியம் பாடம் நடத்த ஆரம்பிச்சிட்டா.

"அப்பா எங்கன்னு மாமா கேட்டா என்ன சொல்லணும்?"

மயூரி கையைக் கட்டிக்கிட்டு ஒப்பிச்சா. "அப்பாவுக்கு லீவு கெடைக்கல."

சுபாஸுக்குத்தான் அது ஏறல. அப்பாவைக் குழிக்குள்ள வச்சு மூடுனோமேன்னான். பாக்கியம் சுத்தும் முத்தும் பார்த்துட்டு அவன் தொடையில கிள்ளுனா.

"அப்பா சாகல. லீவுதான் கெடைக்கல. சொல்லு."

அவன் தொடையைத் தேய்ச்சுக்கிட்டே கேட்டான். "எந்தக் கங்காணிம்மா லீவு குடுக்கல?"

எனக்குப் பொறுக்கல. மூணு மாசத்துல பூ கேக்குதாடி உனக்கு, செத்தவனை லீவுல விட்டுட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். முன்னால நாலு சீட்டுக்குக் கேட்டிருக்கும். கேக்கட்டும்னுதான் பேசுனேன்.

அவ கைப்பையில இருந்து ஒரு கடுதாசியை எடுத்து நீட்டுனா. அவ தம்பி கிருஷ்ணராஜ் எழுதுனது. இவளைக் கட்டிக்குடுத்த வருசமே தாய் தகப்பன் அவனைக் கூட்டிக்கிட்டு இந்தியாவுக்குப் போயிட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் இல்ல. அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பதினஞ்சு வருசமாச்சு.

"அக்கா, மூணாவது முடிச்சு நாத்தனார்தான் போடணும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? ஆனா பொண்ணு வீட்டுக்காரங்க சகுனம் ரொம்பப் பாக்குறவங்க. மச்சான் செத்தது தெரிஞ்சா கல்யாணத்தையே நிறுத்திருவாங்க. பூவும் பொட்டுமா வா. மச்சானுக்கு லீவு கெடைக்கலன்னு சொல்லிக்குவோம். புள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்துரு."

நான் படிச்சு முடிச்சதும் பாக்கியம் கழுத்துக் கயித்தை வெளிய இழுத்துக் காட்டுனா. நுனியில தாலி இல்ல. மஞ்சக் கெழங்குத் துண்டு ஒண்ணு தொங்குச்சு.

"காலையில நானே கட்டிக்கிட்டேன் ஆயாம்மா. என்னால அவன் கல்யாணம் நிக்கக் கூடாது."

பேசுன பேச்சையெல்லாம் நெனச்சு வெக்கமா இருந்துச்சு. அப்புறம் கோவமெல்லாம் அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க மேல திரும்பிச்சு. எந்த ஊரு மகாராசாக்களோ, நல்லா இருப்பாங்களான்னு மனசுக்குள்ள திட்டித் தீர்த்தேன். அதோட விட்டேனா? எறங்குறதுக்குள்ள சுபாஸுக்கு நானும் ரெண்டு தடவை அந்தப் பாடத்தைச் சொல்லிக் குடுத்தேன்.

திருச்சியில வெளிய வந்தா கிருஷ்ணராஜ் நிக்கிறான். கூட அவன் கூட்டாளிங்க நாலஞ்சு பேரு, வயசான அம்மா ஒருத்தங்க. நூல் சேலை, பொட்டு இல்லாத நெத்தி, வெறுங்கழுத்து. யாரோ அக்கம்பக்கத்து அம்மா போலன்னு நெனச்சேன்.

அக்காவும் தம்பியும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. அழுது முடிச்சவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "மச்சான் வரலையாக்கா?"ன்னான். பாவிப்பய, அதையும் சிரிச்சுக்கிட்டே கேட்டான்.

மயூரி வாயைத் தொறக்குறதுக்குள்ள சுபாஸ் முந்திக்கிட்டான்.

"அப்பா சாகல மாமா. லீவுதான் கெடைக்கல."

கூட்டாளிங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. பாக்கியம் புள்ளை வாயைப் பொத்துனா. இனிப் பொத்தி என்ன ஆகப் போகுது? கிருஷ்ணராஜ் பெட்டியைத் தூக்குற சாக்குல குனிஞ்சுக்கிட்டான்.

அந்த அம்மாதான் கிட்ட வந்து பாக்கியத்தோட கையைப் பிடிச்சாங்க. பச்சப் புள்ளை வாயில எதுக்கும்மா இப்படி ஒரு பேச்சுன்னு கேட்டாங்க.

பாக்கியம் உடைஞ்சு போயிட்டா.

"பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் சொல்லிறாதீங்கம்மா. தாலியறுத்தவன்னு தெரிஞ்சா கல்யாணத்தை நிறுத்திருவாங்களாம்."

அந்த அம்மா கிருஷ்ணராஜைப் பார்த்தாங்க. அவன் குனிஞ்ச தலை நிமிரல.

"யாரும்மா நிறுத்துறது? பொண்ணைப் பெத்தவ நான்தான்."